மாற்றுத் திறப்பு திறக்கவில்லையா?

போரில் கணவரை இழந்த ஒரு சகோதரியை வீட்டுத் தரிசிப்பின்போது சந்தித்தேன். தையல் வேலை முடிந்து அவர் வீடு திரும்ப இரவு 7 மணியாகும். பாடசாலை விட்டு முன்னதாக வரும் மகளுக்காகச் சந்தையடியில் மாற்றுத் திறப்பு ஒன்றை வெட்டுவித்துக் கொடுத்திருந்தார். அன்று மாலை அந்தத் திறப்பு பூட்டினுள் சென்றது, ஆனால் திரும்பவில்லை. தாய் வரும்வரை 14 வயதுப் பிள்ளை விறாந்தையில் இருட்டில் தனியே இருந்திருக்கிறாள்.

"மிஸ், திறப்பும் புதுசு, பூட்டும் நல்ல பூட்டு. பிறகேன் திறபடுதில்லை?" என்று அந்தத் தாய் கேட்டார்.

பெண்கள் தனித்து நடத்தும் குடும்பங்களில் இது சிறிய விடயமன்று. எனவே இதன் காரணங்களை நாம் அறிந்திருப்பது நல்லது.

நாம் பாவிக்கும் கதவுப் பூட்டுகள் பலவற்றினுள் சிறு ஊசிகள் வரிசையாக உள்ளன. திறப்பிலுள்ள வெட்டுகள் ஒவ்வோர் ஊசியையும் சரியான உயரத்தில் நிறுத்தினால்தான் பூட்டுத் திரும்பும். ஒரு வெட்டு சற்றுப் பிசகினாலும் திறக்காது.

திறப்பு உள்ளே நுழையவே மறுத்தால், பக்கத்திலுள்ள தவாளிப்புகள் பொருந்தாத திறப்பில் வெட்டியிருக்கலாம். அரத்தால் உரோஞ்சிப் பயனில்லை, பொருத்தமான வேறு திறப்பில்தான் வெட்டவேண்டும்.

உள்ளே சென்றும் திரும்பாவிட்டால், மிகச் சிறிதளவு வெளியே இழுத்துத் திருப்பிப் பாருங்கள். அப்போது திரும்பினால் வெட்டுகள் இடம் விலகியுள்ளன என்று பொருள். மூலத் திறப்பைக் கொடுத்து மீண்டும் வெட்டுவியுங்கள்.

சிக்கிச் சிக்கிப் போய்வந்தால் வெட்டிய விளிம்பில் பிசிறு இருக்கலாம். வெட்டியவரிடமே கொடுத்துச் சீராக்குவியுங்கள்.

பழைய திறப்பும் இறுக்கமாக இருந்தால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பூட்டிப் பாருங்கள். அப்போது இலகுவாகத் திரும்பினால் குறை கதவில் உள்ளது. மாரியில் மரம் ஊதியிருக்கலாம், அல்லது பிணைச்சல் தளர்ந்து கதவு இறங்கியிருக்கலாம். அப்போதும் இறுகினால் பூட்டினுள் தூசியோ துருவோ இருக்கலாம். பென்சிற் கரியைத் தூளாக்கித் திறப்பில் பூசிப் பலமுறை போட்டு எடுங்கள். தேங்காயெண்ணெய் விடவேண்டாம், அது தூசியைப் பிடித்து நாளடைவில் பிசுபிசுக்கும்.

எக்காரணம் கொண்டும் பலவந்தமாகத் திருப்பாதீர்கள். திறப்பு உள்ளே முறிந்தால் பூட்டையே மாற்ற நேரிடலாம்.

அந்தச் சகோதரி வெட்டக் கொடுத்தது மூலத் திறப்பன்று, முன்பு வெட்டிய ஒரு பிரதி. பிரதியைப் பார்த்துப் பிரதி எடுக்கும்போது முன்னைய பிழையுடன் புதுப் பிழையும் சேர்ந்துவிடுகிறது. மூலத் திறப்பு றங்குப்பெட்டியில் இருந்தது. அதைக் கொடுத்து வெட்டுவித்ததும் பூட்டு உடனே திறந்தது.

சகோதரிகளே, மூலத் திறப்பை அன்றாடம் பாவிக்காமல் பத்திரமாக வையுங்கள். புதுத் திறப்பை வாங்கிய அன்றே, பகல் வெளிச்சத்தில், கதவைத் திறந்து வைத்தும் மூடியும் சோதியுங்கள். அதன்பின் பிள்ளையின் கையில் கொடுங்கள். திறப்பில் பெயரோ விலாசமோ எழுதவேண்டாம். உங்கள் வீட்டுத் திறப்பு யார் யாரிடம் உள்ளது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். வீடு கட்டிய மேசனிடமோ முன்பு குடியிருந்தவரிடமோ ஒன்று இருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தால் பூட்டையே மாற்றிவிடுங்கள். அந்தச் செலவு வீண்செலவன்று.