பிக்கப் வண்டியில் ஒரு மடக்கு அறை

பிக்கப் வண்டியின் சரக்குத் தட்டில் பொருத்தி இறக்கக்கூடிய மடக்குக் கூரைப் பெட்டியைப் ‘பாப்-அப் கேம்பர்’ என்பர். ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும். நிறுத்தியபின் உயர்த்தினால், கித்தான் சுவர்கள் விரிந்து, ஆள் நிமிர்ந்து நிற்கும் அறையாகிவிடும். கூரை தாழ்ந்திருப்பதால் காற்றின் எதிர்ப்பும் வளைவுகளில் தள்ளாட்டமும் குறைகின்றன. அடல் சுரங்கப்பாதை 2020இல் திறக்கப்பட்டபின், தில்லி கிட்வாய் நகரிலிருந்து லாஹௌல் பள்ளத்தாக்குவரை செல்ல விரும்புவோருக்கு இது கவர்ச்சியான ஏற்பாடே.

எனினும், விலையைக் கேட்குமுன் எடையைக் கேட்க வேண்டும் என்பதே நமது கருத்து. வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பது அது சுமக்கக்கூடிய பளு. ஏறும் மனிதரும் அதில் அடங்குவர். அது 450 கிலோ என்று கொள்வோம். இருவருக்கு 140, அறுபது லிட்டர் நீருக்கு 60, நூறு ஆம்பியர்-மணி ஈய பேட்டரிக்கு ஏறத்தாழ 30, படுக்கை, அடுப்பு, துணிமணிக்கு 60 என்றால், பெட்டிக்கு எஞ்சுவது 160 கிலோவே. அமெரிக்காவில் விற்கும் முழு வசதிப் பெட்டிகள் பல, வெறுமையாகவே 400 கிலோவைத் தாண்டுகின்றன. ஆகவே அலமாரியும் குளிர்ப்பெட்டியும் நிறைந்ததை விடுத்து, கூரையும் கட்டிலும் மட்டும் உள்ள எளிய கூட்டைத் தேர்வதே நலம். லித்தியம் பேட்டரி விலை மிகுந்ததாயினும் எடையில் பாதிக்கும் குறைவு.

அடுத்தது சட்டம். இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவை தனிப்பயன் வண்டிகளாகப் பதிவாகின்றன. சரக்கு வண்டியாகப் பதிவான பிக்கப்புக்கு விதிகள் வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கலாகாது. உச்ச நீதிமன்றமும் 2019 சனவரியில் இதனை உறுதிசெய்தது. சட்டகத்தை வெட்டி நிலையாகப் பற்றவைத்த பெட்டி இச்சிக்கலில் மாட்டும். கழற்றி இறக்கக்கூடியதை வாங்கினாலும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்பே கேட்டறிதல் வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அறிவிக்காத துணைக்கருவிகளுக்கு இழப்பீடு கிடைக்காது. கடன் நிலுவையிலுள்ள வண்டியாயின், பணியைத் தொடங்குமுன் வங்கிக் கிளையின் இசைவையும் பெறுங்கள்.

கிட்வாய் நகர்வாசிகளுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: இரவில் வண்டி எங்கே நிற்கும்? கிழக்குக் கிட்வாய் நகரின் புதிய அடுக்குமாடிகளில் வண்டி நிறுத்துமிடம் நிலத்தடியில் உள்ளது. நுழைவாயிலில் எழுதியுள்ள உயர வரம்பை, கூரை மடங்கிய நிலையில் வண்டியின் உயரத்துடன் அளந்து ஒப்பிடுங்கள். பெட்டி வந்தபின் அளந்து பயனில்லை.

பொருத்தும்போது சமதளத்தில், நான்கு மூலைகளிலும் தாங்கு ஜாக்கிகளை நிறுத்தி, அடியில் வண்டியை மெதுவாகப் பின்னோக்கிச் செலுத்த வேண்டும். தட்டில் ரப்பர் விரிப்பு இருந்தால் பெட்டி வழுக்காது. எடையின் மையம் பின் அச்சுக்குச் சற்று முன்னே அமையட்டும். பின்னே விழுந்தால் முன்சக்கரப் பிடிப்புத் தளரும். இழுப்புக் கொக்கிகளை மெல்லிய பக்கத் தகடுகளில் மாட்டாமல் சட்டகத்தில் மாட்டுங்கள். முதல் ஐம்பது கிலோமீட்டர் கடந்ததும் நிறுத்தி மீண்டும் முறுக்குங்கள்.

உள்ளே அடுப்பெரியும்போது காற்றுத் துளைகளை அடைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. மலைக்குளிரில் துளைகளை மூடும் ஆசையோ வலுவாகவே எழும்.