வந்து வந்து மறையும் மஞ்சள் விளக்கு

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஏ4 வீதி கடலோரத்தை விட்டு அதிகம் விலகாமலே ஓடுகிறது. கல்முனை எங்கே முடிகிறது, சாய்ந்தமருது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. கடை வாசலிலிருந்து சட்டென்று திரும்பும் ஓட்டோ, பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள், நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம், இரவானால் தாரில் படுத்திருக்கும் மாடுகள். எந்த நேரமும் பிரேக்கை அழுத்தி மிதிக்க நேரும் வீதி இது.

இந்த வீதியில் கார், வேன் ஓட்டுபவர்கள் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு ஒன்று உண்டு: “ஏபிஎஸ் லைட் எப்பவாவது பத்துது, பிறகு தானா நூர்ந்துடுது.” நூர்ந்துவிட்டதால் கோளாறு தீர்ந்துவிட்டது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். அது தீரவில்லை. அடுத்த முறை எங்கே வெளிப்படும் என்று தெரியாமல் உள்ளே இருக்கிறது.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் இருந்த வாகனங்களையே ஓட்டினோம், விற்றோம், வாங்கினோம். தனியார் காருக்கு ஆண்டு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது காப்புறுதியும் புகைப் பரிசோதனையும் பார்க்கப்படுகின்றன. பிரேக்கை யாரும் சோதிப்பதில்லை. அந்த மஞ்சள் விளக்கு ஒன்றுதான் நமக்கு இருக்கும் பரிசோதகர்.

விளக்கு எதைச் சொல்கிறது?

பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தால் சில்லு சுழலாமல் இறுகிவிடும். இறுகிய சில்லு வழுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. ஏபிஎஸ் இதைத் தடுக்கிறது. நான்கு சில்லுகளின் வேகத்தையும் நான்கு சென்சர்கள் இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு சில்லு இறுகப் போகிறது என்று தெரிந்ததும், ஏபிஎஸ்ஸின் கட்டுப்பாட்டுப் பெட்டி வினாடிக்குள் பல தடவை அந்தச் சில்லின் பிரேக் அழுத்தத்தைக் குறைத்துக் கூட்டும். 1978இல் பொஷ் நிறுவனம் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் கொண்டுவந்த இந்த ஏற்பாடு இன்று சின்னக் கார்களிலும் இருக்கிறது.

ஒரு சென்சரின் செய்தி தடைப்பட்டாலும் அந்தப் பெட்டி ஏபிஎஸ்ஸை நிறுத்திவைத்து விளக்கைப் போடும். சாதாரண பிரேக் அப்போதும் பிடிக்கும். சில்லு இறுகுவதைத் தடுக்கும் காவல்தான் இருக்காது. மாரி மழையில் நனைந்த தாரில் அதன் அருமை தெரியும். காற்று அள்ளிவந்த கடற்கரை மணல் வீதியில் கிடந்தால் ஏபிஎஸ் வேலை செய்தாலும் வண்டி நிற்கும் தூரம் கூடலாம் என்பதையும் ஓட்டுநர் அறிந்திருக்க வேண்டும்.

மஞ்சளோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் கதை வேறு. பிரேக் ஒயில் குறைந்திருக்கலாம், பின் சில்லுக்குப் பிரேக்கைப் பகிரும் ஏற்பாடும் நின்றிருக்கலாம். வண்டியை ஓரங்கட்ட வேண்டும். பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட்களில் இது இன்னும் பாரதூரம்: அவற்றில் பிரேக்குக்கான அழுத்தத்தை ஒரு மின்பம்பு உண்டாக்குகிறது. அது பலவீனமானால் விளக்கோடு பஸரும் கேட்கும், பெடலும் மாறும். அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கவே கூடாது.

உப்பும் சேறும்

சில்லோரத்துச் சென்சர் நிலத்துக்கு ஓரடி உயரத்தில் இருக்கிறது. நம் பக்கத்தில் உப்புக் காற்று எப்போதும் வீசுகிறது. சம்மாந்துறை வயல் வழியில் போனால் சேறு, மாரியில் வெள்ளம். போதாததற்கு, ஜப்பானில் பனிக்கு உப்புத் தூவிய வீதிகளில் ஓடி, அடியில் துருவோடு வந்த ரிகண்டிஷன் வண்டிகளும் உண்டு.

இணைப்புக்குள் ஈரம் புகுந்தால் செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும். வயரின் மேலுறை நல்லபடி இருக்கும். உள்ளே இழைகள் அறுந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தொடும், குழியில் குதிக்கும்போது விடும். சென்சர் அமரும் இடத்தில் துரு வளர்ந்தால் அது சென்சரை மேலே தூக்கிவிடும். சில்லோடு சுழலும் பல் வளையத்துக்கும் சென்சருக்கும் இடையிலுள்ள ஒரு மில்லிமீற்றர் அளவான இடைவெளி கூடிவிடும். வளையத்தின் அடியில் துரு தள்ளினால் வளையமே வெடிக்கும். வண்டி மெதுவாக நிற்கப் போகும் நேரத்தில், காய்ந்த வீதியிலும், பெடல் காலுக்கடியில் அதிர்ந்தால் இந்த வெடிப்பைத்தான் முதலில் தேட வேண்டும்.

தேடும் முறை

மலேரியா விட்டுவிட்டுக் காய்ந்த காலத்தில் வைத்தியர் முதலில் கேட்டது காய்ச்சல் எந்த நேரத்தில் வருகிறது என்பதைத்தான். இங்கும் ஓட்டுநரின் ஞாபகமே முதல் கருவி. மழைக்குப் பிறகா, சேர்விஸில் கழுவிய பிறகா, வளைவிலா, குழியிலா, காலையில் ஸ்டார்ட் செய்ததுமா? ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்தால் பற்றரியையும் அதன் முனைகளையும் பாருங்கள். மின்னழுத்தம் விழுந்தாலும் விளக்கு வரும். டயர் மாற்றிய பிறகு வந்தால் நான்கும் ஒரே அளவா என்று பாருங்கள். பெயரிங் மாற்றிய பிறகு வந்தால், காந்த வளையமுள்ள பக்கம் புரண்டு பூட்டப்பட்டிருக்கலாம்.

அடுத்தது ஸ்கேனர். டொயோட்டாவில் சீ0200 என்றால் முன் வலது சென்சர் பக்கம், சீ0205 முன் இடது, சீ0210 பின் வலது, சீ0215 பின் இடது. கோட் காட்டுவது பக்கத்தை. சென்சர்தான் பழுது என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. வயரோ வளையமோ பெயரிங்கோ காரணமாக இருக்கலாம். எழுதி வைக்குமுன் கோட்டை அழிப்பது தடயத்தையே அழிப்பதாகும்.

ஸ்கேனரில் நான்கு சில்லுகளின் வேகத்தையும் ஒன்றாகத் திறந்து, ஒருவர் ஓட்ட மற்றவர் பார்க்க வேண்டும். நான்கும் முப்பதைக் காட்டும்போது ஒன்று மட்டும் பூச்சியத்துக்கு விழுந்து எழுந்தால் இடம் பிடிபட்டது. பிறகு ஜாக்கில் தூக்கி, வயரை அங்குலம் அங்குலமாக அசைத்துப் பார்க்கலாம். பழைய சுருள் வகைச் சென்சரில் தடை பெரும்பாலும் ஆயிரம் ஓம் அளவில் இருக்கும். சில்லைக் கையால் சுழற்றினால் சிறு மின்னழுத்தம் எழும். புதிய மின்னணு வகையில் ஓம் மீற்றரை வைக்கக் கூடாது, சென்சர் பழுதாகலாம்.

சரிசெய்வது

களிம்பு பிடித்த வயரைப் பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டி, ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூட வேண்டும். முறுக்கிக் கட்டி டேப் சுற்றிய இணைப்பு அடுத்த மாரியைத் தாங்காது. சென்சர் இருக்கையின் துருவைச் சுரண்டிச் சுத்தமாக்கி அமர்த்த வேண்டும். பெயரிங்கின் காந்த வளையத்தில் ஒட்டிய இரும்புத் தூளைத் துடைத்தாலே சில வண்டிகள் சரியாகும். இவையெல்லாம் கல்முனைக் கராஜிலேயே முடியக்கூடிய வேலைகள். காரணம் தெரியுமுன் கொழும்பின் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு ஆள் அனுப்பிச் சென்சரும் ஏபிஎஸ் பம்பும் இறக்குவதுதான் காசைக் கரைக்கிறது. வேலை முடிந்த பிறகு விளக்கு உடனே அணையாமலும் இருக்கலாம்; பல வண்டிகளில் சிறிது தூரம் ஓடி, சில்லுகளின் வேகம் சரிபார்க்கப்பட்டதும்தான் அணையும்.

பழைய வண்டி வாங்குபவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு சில வினாடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், வயரை வெட்டியிருக்கலாம். விலை பேசுவதை அங்கேயே நிறுத்திவிட்டு அதற்கு விளக்கம் கேளுங்கள்.

கராஜ்காரரிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என்ன கோட் வந்தது, எந்தச் சோதனையில் காரணம் தெரிந்தது, கழற்றிய பாகம் எங்கே? கைதேர்ந்த மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கேட்கும் வாடிக்கையாளர் கூடக் கூட, சோதித்துச் செய்பவருக்கு மதிப்பு வரும். ஊகத்தில் பாகம் மாற்றுபவரும் மீற்றரைக் கையில் எடுப்பார். அரசாங்கம் சோதிக்காத பிரேக்கை நாம்தான் சோதிக்க வேண்டும். பள்ளிவிட்டு வீதியைக் கடக்கும் பிள்ளைக்கு முன்னே இருக்கும் வண்டியில் அந்த விளக்கு எரிகிறதா என்பது தெரியாது, ஓட்டுகிறவருக்குத் தெரியும்.