டி.வி. மேல் இருக்கும் கோப்பை காலேஜில் சீட் வாங்கித் தருமா? பிளஸ்-2 மாணவர்கள் எந்த சான்றிதழை எங்கே காட்ட வேண்டும்

தேவாரம்:-

தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை பக்கம் பல வீடுகளில் டி.வி. மேல் ஒரு கோப்பை இருக்கும். பீரோவுக்குள் ஒரு பிளாஸ்டிக் பைல் இருக்கும். ஓட்டப்பந்தயம், பேச்சுப் போட்டி, ஓவியம், கபடி என்று பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் இருந்து வாங்கிய சான்றிதழ் அத்தனையும் அதில் பத்திரமாக இருக்கும்.

பிளஸ்-2 ரிசல்ட் வந்ததும் அந்த பைல் அப்படியே பிரவுசிங் சென்டருக்குப் போகும். "இதையெல்லாம் ஏத்திவிடுங்க தம்பி, எம்புள்ள வாங்குனது" என்பார் அம்மா. கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பையன், "இதுக்கெல்லாம் அதுல கட்டமே இல்லக்கா" என்பான். அம்மாவுக்கு முகம் வாடிப் போகும்.

ஏன் கட்டம் இல்லை? எந்த பேப்பருக்குத்தான் கட்டம் இருக்கிறது? இதுபற்றிய விவரம் வருமாறு:-

மார்க்தான் ரேங்க்

தமிழ்நாட்டில் என்ஜினீயரிங் சேர்க்கைக்கு 2007-ம் ஆண்டில் இருந்து நுழைவுத்தேர்வு கிடையாது. பிளஸ்-2 மார்க்கை வைத்துத்தான் ரேங்க். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200-க்கு கட்-ஆப் போடுவார்கள்.

இரண்டு பேர் ஒரே கட்-ஆப் வாங்கினால்? முதலில் கணித மார்க்கைப் பார்ப்பார்கள், அடுத்து இயற்பியல். அப்படியே போய் பிறந்த தேதி வரைக்கும் பார்ப்பார்கள். அதுவும் ஒன்றாக இருந்தால் ரேண்டம் நம்பர். அந்த இடத்தில் கூட பேச்சுப் போட்டி பரிசுக்கு வேலை இல்லை.

அரசு கலைக்கல்லூரிகளிலும் மார்க்தான் கணக்கு. எம்.பி.பி.எஸ். படிப்புக்கு நீட் மார்க். போடி அரசு என்ஜினீயரிங் கல்லூரி ஆகட்டும், க.விலக்கு தேனி மருத்துவக் கல்லூரி ஆகட்டும், கோப்பைக்காக ஒரு மார்க் கூட்டிப் போட மாட்டார்கள்.

பளபளப்பு இல்லாத பேப்பர்

ஆனால் அந்த பைலில் இல்லாத ஒரு சாதாரண பேப்பர், என்ஜினீயரிங் படிப்பின் மொத்தச் செலவையும் மிச்சப்படுத்திவிடும். 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை அரசு பள்ளியில் படித்ததற்கு ஹெச்.எம். கொடுக்கும் சான்றிதழ்தான் அது.

அரசு பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் என்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் கல்விக்கட்டணம், விடுதிக்கட்டணத்தை அரசே கட்டுகிறது.

நம் மாவட்டத்தில் இருக்கும் அரசு கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் அரசு பள்ளிகள்தான். கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளியில் 8-ம் வகுப்பு வரை படித்துவிட்டு, 9-ல் இருந்து 12 வரை அரசு பள்ளியில் படித்தவர்களும் கேட்கலாம்.

பலபேர் ஏமாந்து போவது அரசு உதவி பெறும் பள்ளி விஷயத்தில்தான். அங்கேயும் இலவச புத்தகம் கொடுக்கிறார்கள், மத்தியான சாப்பாடு போடுகிறார்கள். அதனால் "கவர்மெண்டு ஸ்கூல்தானே" என்று நினைத்துக் கொள்கிறோம். 7.5 சதவீதத்துக்கு அந்தப் பள்ளி கணக்கில் வராது. ஆனால் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கு, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் தகுதி உள்ளவர்கள். இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொள்ள வேண்டாம்.

மலைக்கு அந்தப்பக்கம் படித்த வருஷம்

நம்ம ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. விடியற்காலை ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய் சாயங்காலம் திரும்புகிறவர்கள் வீட்டில் பிரச்சினை இல்லை. பிள்ளை இங்கேயே படிக்கும். குடும்பத்தோடு பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பன்சோலை பக்கம் போய் தோட்டத்து லயத்தில் தங்கும் வீடுகளில்தான் பிரச்சினை.

உதாரணத்துக்கு, அங்கே இருந்தபோது பையனை 6, 7-ம் வகுப்பு கேரளப் பள்ளியில் சேர்க்கிறார்கள். அப்புறம் தாத்தா வீட்டில் விட்டு 8-ல் இருந்து தேவாரத்தில் படிக்க வைக்கிறார்கள். பையன் நல்ல மார்க் எடுக்கிறான். 7.5 சதவீதத்துக்கு கேட்கலாமா? முடியாது. 6 முதல் 12 வரை ஏழு வருஷமும் தமிழ்நாட்டு அரசு பள்ளியாக இருக்க வேண்டும். அங்கே படித்ததும் அரசு பள்ளிதான், தமிழ் மீடியம்தான் என்று சொன்னாலும் எடுபடாது.

இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. கூலிக்காக மலை ஏறிய வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இந்த சலுகை அதிகம் தேவை. ஆனாலும் சட்டம் இப்போது அப்படித்தான் இருக்கிறது. இப்போது 5-ம் வகுப்பு படிக்கும் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைத்து பள்ளியை முடிவு பண்ணினால் பின்னாடி வருத்தப்பட வேண்டியதில்லை.

பொதுப்பிரிவு கவுன்சிலிங்கில் கலந்துகொள்ள இதனால் தடை கிடையாது. 8 முதல் 12 வரையிலான வகுப்புகளில் ஏதாவது ஒன்றை கேரளாவில் படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள். உத்தமபாளையம் தாலுகா ஆபீசில் இருந்து அது வர நாள் ஆகலாம். ரிசல்ட்டுக்கு முன்னாடியே இ-சேவை மையத்தில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

அடுத்தது முதல் பட்டதாரி சான்றிதழ். வீட்டில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், அக்கா யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால், முதலில் படிக்கப் போகும் பிள்ளைக்கு கல்விக்கட்டணத்தில் சலுகை உண்டு. வீட்டில் ஒருத்தருக்குத்தான். கவுன்சிலிங்கில் சேர்ந்தால் மட்டும்தான். ஏஜெண்டு பேச்சைக் கேட்டு மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு சான்றிதழை நீட்டினால் பிரயோஜனம் இல்லை.

கபடி சான்றிதழ்

சரி, விளையாட்டு சான்றிதழுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. என்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் விளையாட்டு வீரர்களுக்கு தனியாக 500 சீட் உண்டு. அரசு கலைக்கல்லூரிகளிலும் விளையாட்டு வீரர்கள், என்.சி.சி. மாணவர்கள், முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளுக்கு சிறப்புப் பிரிவு உண்டு.

ஆனால் ஊர் திருவிழா கபடியில் ஜெயித்து வாங்கிய ஆளுயரக் கோப்பையை இதற்குக் காட்ட முடியாது. அரசோ, அங்கீகாரம் பெற்ற சங்கமோ நடத்திய போட்டியாக இருக்க வேண்டும். மாநிலம், தேசியம் என்று மேலே போகப் போக மதிப்பு கூடும். வெறும் சான்றிதழ் மட்டும் போதாது. அதற்கென்று உள்ள படிவத்தில் சங்கத்திடமோ, கல்வித்துறையிடமோ கையெழுத்து வாங்க வேண்டும். எந்தப் போட்டி, எந்த வருஷம் வரை செல்லும் என்பது அந்தந்த ஆண்டு சேர்க்கைக் கையேட்டில் இருக்கும். பி.இ.டி. மாஸ்டரைப் பிடித்தால் விவரம் சொல்வார்.

தகுதி இல்லாமல் விளையாட்டுப் பிரிவில் "ஆம்" என்று டிக் அடித்தால் சரிபார்ப்பில் தள்ளிவிடுவார்கள். அதைவிட மோசம், 7.5 சதவீதத்துக்கும் முதல் பட்டதாரிக்கும் தகுதி இருந்தும் அவசரத்தில் "இல்லை" என்று அடிப்பது. பிரவுசிங் சென்டரில் சப்மிட் கொடுப்பதற்கு முன்னால் அந்த இரண்டு கட்டத்தையும் உங்கள் கண்ணால் ஒருதடவை பாருங்கள்.

கேட்கிற இடமும் உண்டு

பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசுகளைக் கேட்டு வாங்கிப் படிக்கும் காலேஜ்களும் இருக்கின்றன. அரியானாவில் இருக்கும் அசோகா போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள், அமெரிக்க காலேஜ்கள் அப்படிப்பட்டவை. வசதி இல்லாத பிள்ளைகளுக்கு அங்கே முழு உதவித்தொகை கிடைக்கவும் வழி உண்டு. அரசு பள்ளிப் பிள்ளைகள் "நமக்கு எதுக்கு" என்று ஒதுங்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் நிறைய காலேஜ்களுக்கு சேர்த்து ஒரே விண்ணப்பம் போடும் 'காமன் ஆப்' என்ற முறை இருக்கிறது. அதில் படிப்பு சம்பந்தமான பரிசுகளுக்கு 5 கட்டம்தான். பைலில் 40 சான்றிதழ் இருந்தாலும் ஐந்தைத்தான் எழுத முடியும். ஒவ்வொன்றும் பள்ளி அளவா, மாநில அளவா, தேசிய அளவா என்று குறிக்கச் சொல்வார்கள்.

அப்போது எதை எடுப்பது? 9-ம் வகுப்புக்குப் பிறகு வாங்கியதை மட்டும் பாருங்கள். நிறைய பேர் எழுதி கொஞ்சம் பேர் தேர்வானது முதலில் வர வேண்டும். 11-ம் வகுப்பில் நடக்கும் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் மாநிலம் முழுக்க 1,500 பேரைத்தான் தேர்வு செய்கிறார்கள். மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் உதவித்தொகை. அது இருந்தால் முதல் வரியில் போடலாம். வெறும் பெயரை எழுதினால் வெளியூர்க்காரருக்குப் புரியாது. "மாநிலத் தேர்வு, 1,500 பேரில் ஒருவர்" என்று எழுத வேண்டும். கலந்துகொண்டதற்காக எல்லோருக்கும் கொடுத்த சான்றிதழை விட்டுவிடலாம். இரண்டுதான் உருப்படி என்றால் இரண்டை மட்டும் எழுதுங்கள். ஐந்தையும் ரொப்ப வேண்டும் என்று சட்டம் இல்லை.

அதே விண்ணப்பத்தில் பள்ளிக்கு வெளியே செய்த காரியங்களுக்கு தனியாக 10 கட்டம் உண்டு. அதில் 'குடும்பப் பொறுப்பு', 'சம்பள வேலை' என்றும் பிரிவு வைத்திருக்கிறார்கள். அம்மா நாலு மணிக்கு எழுந்து தோட்ட ஜீப்புக்குக் கிளம்பிய பிறகு, தம்பி தங்கச்சிக்கு சோறு வடித்து, தலை பின்னி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு தானும் படிக்கப் போன பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனை பேர்! அதற்கு யாரும் மேடையில் சான்றிதழ் கொடுத்ததில்லை. அதை வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை வருஷம் என்று கணக்கோடு எழுதலாம். லீவில் மளிகைக் கடையில் கணக்கு எழுதியதையும் எழுதலாம். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் இல்லை அது.

டி.சி. வாங்கும்போது கேளுங்கள்

இன்னொரு பேப்பர், காலேஜ் சேர்க்கைக்கு உதவாது, ஆனால் வேலைக்கு உதவும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு தமிழ்நாடு அரசு வேலையில் 20 சதவீதம் முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. 2020-ல் அதைத் திருத்தி, ஒன்றாம் வகுப்பில் இருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். டிகிரி கேட்கும் வேலை என்றால் டிகிரியும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும்.

இதற்கு தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளி, மேல்நிலைப்பள்ளி என்று படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக சான்றிதழ் வாங்க வேண்டும். பிளஸ்-2 முடித்து டி.சி. வாங்கப் போகும் அன்றே ஹெச்.எம்.மிடம் தமிழ் வழி சான்றிதழையும், 6 முதல் 12 வரை படித்த சான்றிதழையும் சேர்த்துக் கேட்டுவிட்டால் இரண்டாவது தடவை அலைய வேண்டியதில்லை.