1 லட்சத்தில் 230 மட்டும் தேறியது ஏன்? புரத டாக்கிங்குக்கு ‘வினாத்தாள்’ தயாராகும் கதை

தேர்வுக்கு முதல் நாளே வினாத்தாள் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டால், மறுநாள் எடுக்கும் 100 மார்க்குக்கு என்ன மதிப்பு? மருந்து ஆராய்ச்சியில் பயன்படும் கணினி நிரல்களிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

டாக்கிங் என்றால் என்ன?

நம் உடலில் பல புரதங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டுதான் வேலை செய்கின்றன. கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதத்தை ஆன்டிபாடி பிடித்துக்கொள்வதும் அப்படித்தான். இரண்டு புரதங்களின் வடிவத்தைக் கொடுத்தால், அவை எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் சேரும் என்று கணிப்பதே டாக்கிங்.

சரி, கணிப்பு சரியா என்று எப்படித் தெரியும்? விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

விடைகள் எங்கே இருக்கின்றன?

‘புரோட்டீன் டேட்டா பேங்க்’ என்ற டேட்டாபேஸில். 1971-ல் வெறும் 7 வடிவங்களுடன் தொடங்கிய இதில், இன்று 2 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாக டவுன்லோடு செய்யலாம்.

அப்புறம் என்ன, சேர்ந்திருக்கும் ஒரு ஜோடியைப் பிரித்துக் கொடுத்து, ‘மறுபடி சேர்த்துக் காட்டு’ என்று சொல்லிவிடலாமே? இங்கேதான் சிக்கல்.

பிரித்துக் கொடுத்தால் என்ன தப்பு?

கிழிந்த காகிதத்தின் இரண்டு துண்டுகளைச் சேர்ப்பது சுலபம். ஓரங்கள் அப்படியே பொருந்தும். புரதங்களும் சேரும்போது கொஞ்சம் வளைந்துகொடுக்கும். பிரித்த பிறகும் அந்த வளைவு இருந்தால், அதுவே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மூன்று வடிவங்களைத் தேட வேண்டும்: சேர்ந்த ஜோடி, முதல் புரதம் தனியாக, இரண்டாவது புரதம் தனியாக.

ஓர் உதாரணம், பார்னேஸ் - பார்ஸ்டார். மரபணு மாற்றக் கடுகு சர்ச்சையில் அடிபட்ட அதே பெயர்கள்தான். பார்னேஸ், ஆர்என்ஏவை வெட்டும் என்சைம். அதைத் தயாரிக்கும் பாக்டீரியா தானே பலியாகாமல் இருக்க, பார்ஸ்டார் அதை அடக்கி வைக்கிறது. ஜோடியின் வடிவம் 1பிஆர்எஸ் என்ற குறியீட்டில் கிடைக்கிறது. பார்னேஸ் மட்டும் 1ஏ2பி. பார்ஸ்டார் மட்டும் 1ஏ19. மூன்றும் இருப்பதால் இது நல்ல கேள்வி.

எப்படி வடிகட்டுகிறார்கள்?

* படம் தெளிவா? ரெசல்யூஷன் ஆங்ஸ்ட்ராமில் இருக்கும். எண் குறையக் குறைய தெளிவு கூடும்.

* ஒரே கேள்வி திரும்புகிறதா? டிரிப்சின் போன்ற பிரபல என்சைம்களுக்கு ஏராளமான பதிவுகள் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்தால், ஒரு பாடம் படித்தவனே பாஸாகிவிடுவான்.

* உண்மையான ஜோடியா? படிகத்துக்குள் புரதங்கள் நெருக்கியடித்து நிற்கும். நெரிசல் பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரெல்லாம் சொந்தக்காரர் ஆகிவிடுவாரா?

2014-லேயே டேட்டா பேங்க் 1 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால், 2015-ல் வெளியான, ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் டாக்கிங் சோதனைப் பட்டியலின் 5-வது பதிப்பில் இருந்தவை 230 ஜோடிகள் மட்டுமே.

ஏஐ வந்த பிறகு?

சிக்கல் இன்னும் பெரிதாகிவிட்டது. ஆல்ஃபாஃபோல்ட் போன்ற ஏஐ மாடல்கள் படித்ததே இந்த டேட்டா பேங்க்கைத்தான். ஆல்ஃபாஃபோல்ட் 2, ஏப்ரல் 30, 2018 வரை வெளியான வடிவங்களைப் படித்தது. அதற்கு முந்தைய ஜோடியைக் கொடுத்தால், அது லீக் ஆன வினாத்தாள்! எனவே, தேடும்போதே வெளியீட்டுத் தேதியைப் பார்ப்பது அவசியம்.

அதுவும் போதாது. நேற்று வெளியான பதிவுகூட, பழைய புரதம் ஒன்றின் நகலாக இருக்கலாம். அமினோ அமில வரிசையையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் புதிய கேள்வியா என்பது தெரியும்.

இவ்வளவு கறார் எதற்கு? நாளை ஒரு புதிய வைரஸ் வந்தால், அதன் புரதத்தை எந்த ஆன்டிபாடி எங்கே பிடிக்கும் என்ற விடை எந்த டேட்டாபேஸிலும் இருக்காது. லீக் ஆன வினாத்தாளில் சென்டம் வாங்கிய நிரலை நம்பி இறங்கினால், வீணாவது ஆய்வகத்தின் பணமும் நோயாளிகளின் நேரமும்தான்.