கைக்குழந்தையைச் சுமக்க எந்த கேரியர் ஏற்றது? கேரள எல்லையோர மலைக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

மூணாறு: மேடும் பள்ளமுமான மலைப்பாதையில் குழந்தை வண்டியைத் தள்ளிச் செல்ல முடியாது. இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, மறையூர், வட்டவடை பகுதிகளிலும், பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி, நெல்லியாம்பதி பகுதிகளிலும், படிக்கட்டுகளையும் ஒற்றையடிப் பாதைகளையும் ஜீப் சாலைகளையும் கடந்து பேருந்து நிறுத்தத்தையோ சுகாதார நிலையத்தையோ அடைய வேண்டிய குடும்பங்கள் பல உள்ளன. தடுப்பூசி நாளாக இருந்தாலும், காய்ச்சல் வந்த இரவாக இருந்தாலும், கைக்குழந்தை பெற்றோரின் உடலோடு சேர்ந்தே பயணிக்கிறது.

இதற்கு முன்பு சேலையும் துண்டும் போதுமானவையாக இருந்தன. தற்போது இணைய விற்பனைத் தளங்கள் வழியாக 'பேபி கேரியர்' எனப்படும் சுமக்கும் பைகள் மலைக் கிராமங்களையும் எட்டியுள்ளன. சில நூறு ரூபாய் முதல் பல ஆயிரம் ரூபாய் வரை விலையுள்ள இவற்றில் எதை வாங்குவது, பழைய துணியே போதுமா என்ற கேள்வி இளம் பெற்றோருக்கு எழுகிறது. குழந்தையின் எடை, மூச்சுப்பாதை, இடுப்பு மூட்டு, சுமப்பவரின் முதுகு ஆகிய நான்கையும் கருதியே இதற்கு விடை காண வேண்டும். விலையும் நிறமும் அதன் பிறகே வருகின்றன.

பழைய வழக்கம்

இப்பகுதிக்குக் குழந்தையைச் சுமக்கும் கலை புதியதல்ல. இடுக்கி மலைகளில் வாழும் முதுவர் பழங்குடியினர், மதுரையிலிருந்து மலையேறியபோது தெய்வ உருவங்களையும் பிள்ளைகளையும் முதுகில் சுமந்து வந்ததாலேயே தங்களுக்கு இப்பெயர் வந்ததாக வாய்மொழி மரபாகக் கூறி வருகின்றனர். முதுவர் பெண்கள் உடுத்தும் சேலையையே முதுகுப்புறத்தில் ஏணைபோல் அமைத்து, அதில் குழந்தையைச் சுமப்பது வழக்கம். கேரளத்தின் முதல் பழங்குடி கிராம ஊராட்சியாக 2010-ம் ஆண்டு உருவாக்கப்பட்ட இடமலைக்குடியில், காட்டு வழியே நடந்து அடைய வேண்டிய குடிகளில் இந்த முறையின் பயன் வெளிப்படையானது. கைகள் இரண்டும் வேலைக்கும் பிடிமானத்துக்கும் கிடைக்கின்றன. குழந்தை சுமப்பவரின் உடற்சூட்டில் இருக்கிறது.

தேயிலைத் தோட்டங்களில் நிலைமை வேறு. கொழுந்து நிரம்பும் பையோ கூடையோ முதுகில் இருப்பதாலும், செடிகளில் பூச்சிமருந்து தெளிக்கப்படுவதாலும், வேலை நேரத்தில் குழந்தையைச் சுமப்பது இயலாது, பாதுகாப்பானதும் அல்ல. தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டும் என்று 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்ததற்கான தேவையும் இதுதான். எனவே தோட்டக் குடும்பங்களுக்கு கேரியர் என்பது பெரும்பாலும் பயணத்துக்கும் வீட்டு நேரத்துக்குமான பொருளாகவே அமைகிறது.

முதலில் பார்க்க வேண்டியது எடை

கேரியர்களின் உறையில் குறைந்தபட்ச எடை, அதிகபட்ச எடை ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். வெளிநாட்டுச் சந்தைக்காக வடிவமைக்கப்பட்ட பல கேரியர்களில் குறைந்தபட்ச எடை 3.2 முதல் 3.6 கிலோ வரை குறிப்பிடப்படுகிறது. இந்தியாவில் முழுமாதத்தில் ஆரோக்கியமாகப் பிறக்கும் குழந்தைகளில் கணிசமானோர் 3 கிலோவுக்கும் குறைவான எடையுடன்தான் பிறக்கின்றனர். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, எடை பதிவு செய்யப்பட்ட பிறப்புகளில் சுமார் 18 சதவீதம் 2.5 கிலோவுக்கும் குறைவானவை. 2013-ம் ஆண்டு அட்டப்பாடியில் நிகழ்ந்த பச்சிளம் குழந்தைகளின் தொடர் மரணங்கள் நாடு முழுவதும் கவனத்தை ஈர்த்தபோது, தாய்மாரின் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்த பிறப்பு எடையும் முக்கியக் காரணங்களாகப் பேசப்பட்டன.

'பிறந்த நாள் முதல் பயன்படுத்தலாம்' என்று விளம்பரப்படுத்தப்படும் பையும், 2.3 கிலோ எடையுள்ள குழந்தைக்குப் பெரிதாகவே இருக்கக்கூடும். பை பெரிதானால் குழந்தை அதனுள் சரிந்து சுருண்டுவிடும். ஆகவே வாங்கும் முன் குழந்தையின் இன்றைய எடையை அறிவது அவசியம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், எடை குறைந்த குழந்தைக்கும், மூச்சுக் கோளாறு உள்ள குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்காமல் கேரியர் பயன்படுத்தக் கூடாது.

அத்தகைய குழந்தைகளுக்காகவே 'கங்காரு தாய் பராமரிப்பு' என்ற முறை உள்ளது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-ம் ஆண்டு தொடங்கப்பட்ட இம்முறையில், குழந்தை தாயின் வெற்று மார்பில் தோலோடு தோல் படும்படி நிமிர்த்தி வைக்கப்பட்டுத் துணியால் கட்டப்படுகிறது. இந்தியா உட்பட 5 நாடுகளில் நடத்தப்பட்டு 2021-ம் ஆண்டு வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வில், 1 முதல் 1.8 கிலோவுக்குக் குறைவான எடையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இம்முறையைத் தொடங்கியதால், 28 நாட்களுக்குள் நிகழும் மரணங்கள் சுமார் 25 சதவீதம் குறைந்தது தெரியவந்தது. இதற்கு விலையுயர்ந்த பை தேவையில்லை. மருத்துவமனையில் செவிலியர் கற்றுத் தரும் கட்டும் முறையை வீட்டிலும் தொடர்வதே முக்கியம்.

மூச்சுப்பாதை: சத்தமில்லாத ஆபத்து

பிறந்து 4 மாதங்கள் ஆகாத குழந்தைக்குக் கழுத்துத் தசைகள் வலுவாக இருப்பதில்லை. தலை முன்னால் சாய்ந்து தாடை மார்பில் அழுந்தினால் மூச்சுக்குழாய் மடங்கிக் குறுகும். குழந்தையால் தலையை நிமிர்த்தவும் முடியாது. உரக்க அழவும் முடியாது. துணி மூக்கையும் வாயையும் மூடினால் ஓரிரு நிமிடங்களிலேயே மூச்சுத் திணறல் ஏற்படக்கூடும் என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010-ம் ஆண்டு மார்ச் மாதம் எச்சரித்தது. அதே மாதத்தில், குழந்தை சுருண்டு படுக்கும் பை வடிவிலான சுமார் 10 லட்சம் கேரியர்கள் அங்கு 3 குழந்தைகளின் மரணத்தைத் தொடர்ந்து திரும்பப் பெறப்பட்டன.

தோளில் குறுக்காகத் தொங்கி, குழந்தை அடியில் படுத்துக் கிடக்கும் பை வகையைத் தவிர்க்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறும் பாடம். சேலையைத் தோளில் முடிந்து அதில் குழந்தையைத் தொட்டிலில் இட்டதுபோல் கிடத்தி நடந்தாலும் இதே ஆபத்து உண்டு.

பிரிட்டனில் கேரியர் தயாரிப்பாளர்களும் விற்பனையாளர்களும் வகுத்துப் பரவலாகப் பின்பற்றப்படும் 5 விதிகள் எளிமையானவை. துணி உடலோடு இறுக்கமாக இருக்க வேண்டும். குழந்தையின் முகம் எப்போதும் சுமப்பவரின் கண்ணில் பட வேண்டும். குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் தலை இருக்க வேண்டும். தாடைக்கும் மார்புக்கும் இடையே குறைந்தது ஒரு விரல் இடைவெளி வேண்டும். முதுகு சரியாத வகையில் தாங்கப்பட வேண்டும். கேரியரில் வைத்துப் பால் கொடுத்தால், குடித்து முடித்ததும் குழந்தையை மீண்டும் நிமிர்ந்த நிலைக்கு உயர்த்த வேண்டும். முனகல், கரகரப்பான மூச்சு, உதடு நீலம் பாய்தல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனடியாகக் குழந்தையை வெளியே எடுப்பது அவசியம்.

இடுப்பு மூட்டு

கேரியரில் குழந்தை அமரும்போது முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும். தொடைகள் இரண்டும் விரிந்து, ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை துணி தாங்க வேண்டும். தவளை அமர்ந்திருப்பது போன்ற இந்த நிலையில் தொடை எலும்பின் தலைப்பகுதி இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்துகிறது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்திலும் கால்கள் இவ்வாறே விரிந்திருக்கின்றன.

அடிப்பகுதி குறுகலான மலிவுவிலை கேரியர்களில் கால்கள் நேராகத் தொங்கும். உடல் எடை முழுவதும் கவட்டில் இறங்கும். நீண்ட நேரம் இவ்வாறு தொங்குவது குழந்தையின் வசதிக்கும் மூட்டின் வளர்ச்சிக்கும் ஏற்றதல்ல. குழந்தைகளின் கால்களை நீட்டி இறுக்கிச் சுற்றும் பழக்கத்தைக் கைவிடுமாறு ஜப்பானில் 1975-ம் ஆண்டு வாக்கில் மேற்கொள்ளப்பட்ட பிரசாரத்துக்குப் பிறகு, அங்கு இடுப்பு மூட்டு விலகல் பெருமளவு குறைந்தது. எனவே அடிப்பகுதியின் அகலத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற கேரியரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கால் முன்னே வந்து பிறந்த குழந்தைக்கும், குடும்பத்தில் மூட்டு விலகல் இருந்த குழந்தைக்கும் இடுப்பை மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

குழந்தையின் முகம் வெளிப்புறம் நோக்கும் நிலையைத் தலை நன்றாக நின்ற பிறகே, பொதுவாக 5 அல்லது 6 மாதங்களுக்குப் பின், குறைந்த நேரத்துக்கு மட்டும் முயலலாம். குழந்தை உறங்கிவிட்டால் உடனே உட்புறம் திருப்ப வேண்டும். கடைகளில் வாங்கும் கேரியரை முதுகில் அணிவதற்கு, குழந்தை தானாக உட்காரும் வரை காத்திருப்பது பாதுகாப்பானது.

சுமப்பவரின் உடல்

இருபுறத் தோள்பட்டையும் அகலமான இடுப்புப் பட்டையும் கொண்ட கேரியர் எடையைத் தோளுக்கும் இடுப்புக்கும் பகிர்ந்தளிக்கிறது. ஒற்றைத் தோளில் தொங்கும் வகை சிறிது நேரத்துக்கு ஏற்றது. மேடேறும் நடைக்கு ஒரு பக்க வலியைத் தரும். அறுவை சிகிச்சை மூலம் பிரசவித்த தாய்மாருக்கு இடுப்புப் பட்டை தையலின்மீது அழுந்தலாம் என்பதால், காயம் ஆறும் வரை மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும். தாயும் தந்தையும் பாட்டியும் மாறிமாறிச் சுமக்கும் வீடுகளில், பட்டைகளை எளிதில் அளவு மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சேலையைப் பயன்படுத்துவோர் நெய்த பருத்திச் சேலையைத் தேர்வு செய்யலாம். நைலான், பாலியஸ்டர் துணிகளில் முடிச்சு வழுக்கும். நைந்த இழை, கிழிசல், தையல் பிரிவு ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். முடிச்சு இரட்டையாக இருக்க வேண்டும். கீழே கிடக்கும் பொருளை எடுக்கும்போது இடுப்பை வளைக்காமல், ஒரு கையால் குழந்தையைத் தாங்கிக்கொண்டு முழங்காலை மடக்க வேண்டும்.

வெயிலும் குளிரும்

பாலக்காட்டில் 2024-ம் ஆண்டு ஏப்ரல் மாத வெப்ப அலையின்போது வெப்பநிலை 41 டிகிரி செல்சியஸைக் கடந்தது. மூணாற்றில் ஜனவரி மாத அதிகாலைகளில் அது பூஜ்ஜியத்தை நெருங்குவதுண்டு. இவ்விரு இடங்களுக்கும் ஒரே கேரியர் பொருந்தாது. சமவெளி வெயிலில் மெல்லிய பருத்தி அல்லது வலைத்துணி ஏற்றது. சுமப்பவரின் உடற்சூடும் சேர்வதால் கேரியரையே ஓர் உடையாகக் கணக்கிட்டு, குழந்தைக்கு ஓர் உடையைக் குறைக்கலாம். அடிக்கடி தாய்ப்பால் கொடுக்க வேண்டும். குழந்தையின் பிடரியைத் தொட்டுப் பார்த்தால் வெப்பம் தெரியும்.

மலையில் தொப்பியும் காலுறையும் அணிவித்துக் கேரியரின் மேல் சால்வை போர்த்தலாம். ஆனால் முகத்தை மூடும்படி சால்வையை இழுப்பதும், குழந்தையை உள்ளே வைத்து மேல்சட்டையைக் கழுத்து வரை பூட்டுவதும், மழைக்காக பிளாஸ்டிக் உறையைத் தலைமேல் போடுவதும் காற்றைத் தடுக்கும். குடையே போதுமானது.

வாகனங்களில் கேரியர் பாதுகாப்புக் கருவி அல்ல

காரிலோ ஜீப்பிலோ கேரியரில் குழந்தையை அணிந்தபடி அமர்வது விபத்தில் அதைக் காப்பாற்றாது. பெரியவரின் உடலே குழந்தையை நசுக்கக்கூடும். காரில் குழந்தைக்கான தனி இருக்கையே பாதுகாப்பானது. இருசக்கர வாகனங்களில் 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஓட்டுநரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை கட்டாயம் என்றும், 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ளோருக்குத் தலைக்கவசம் தேவை என்றும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022-ம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் கூறுகிறது. 30 கிலோ வரை தாங்க வேண்டிய அந்தப் பட்டையின் இடத்தை பேபி கேரியர் நிரப்பாது.

அடுப்பின் அருகிலும், சூடான தேநீர் குடிக்கும்போதும், விறகு வெட்டும்போதும் குழந்தையைக் கேரியரில் வைத்திருக்கக் கூடாது.

வாங்கும் முன் ஒரு சோதனை

முடிந்தால் குழந்தையுடன் கடைக்குச் சென்று அணிந்து பார்ப்பது சிறந்தது. கண்ணாடியின் முன் நின்று குழந்தையின் மூக்கு, தாடை, முழங்கால் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். குழந்தையின் முதுகில் கைவைத்துத் தாங்கியபடி சற்று முன்னே சாய்ந்தால், குழந்தை மார்பை விட்டு விலகக் கூடாது. விலகினால் பட்டை தளர்வாக உள்ளது என்று பொருள். பத்து நிமிடம் நடந்தபின் தோளில் வலி இருந்தால் அந்த அளவு பொருந்தவில்லை. இணையத்தில் வாங்குவோர் திருப்பி அனுப்பும் வசதி இருப்பதை உறுதி செய்துகொண்டு, முதலில் வீட்டுக்குள் அணிந்து பழக வேண்டும்.

இவை அனைத்துக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது செலவில்லாதது. அங்கன்வாடியில் மாதந்தோறும் குழந்தையின் எடை பார்க்கப்பட்டுத் தாய்-சேய் பாதுகாப்பு அட்டையில் குறிக்கப்படுகிறது. அந்த எண்ணை கேரியரின் உறையில் அச்சிடப்பட்ட குறைந்தபட்ச எடையோடு ஒப்பிட்டால், பை இன்றே ஏற்றதா, இன்னும் சில வாரங்கள் துணியும் கைகளுமே போதுமா என்பது தெரிந்துவிடும்.