அருவியை விற்ற ஊர்: நார்வேயின் ஒடாவில் என்ன பார்க்கலாம்?

ஒடாவுக்கு வரும் வெளியூர்க்காரர்களில் பலருக்கு ஒரே நோக்கம்தான்: ட்ரோல்துங்கா பாறையின் நுனியில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது. மலைச்சரிவிலிருந்து கிடைமட்டமாக வெளியே நீண்டிருக்கும் அந்தப் பாறைக்குச் சுமார் 700 மீட்டர் கீழே நீல ஏரி ஒன்று தெரியும். மனிதக் கை படாத இடம் என்றே படத்தைப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அந்த ரிங்கெடால் ஏரி அணை கட்டித் தேக்கிய நீர். நூறாண்டுக்கும் மேலாக மின்சாரம் தந்துகொண்டிருக்கிறது. ஒடாவில் பார்க்க வேண்டிய எதை எடுத்தாலும் அதற்குப் பின்னால் தண்ணீரின் கதை இருக்கிறது.

எங்கே இருக்கிறது?

மேற்கு நார்வேயில், பெர்கன் நகரிலிருந்து சாலைவழியே ஏறக்குறைய மூன்று மணி நேரத் தொலைவு. பனியுகத்தில் பனியாறுகள் ஆழமாகக் குடைந்த பள்ளத்தாக்குகளில் பின்னர் கடல்நீர் புகுந்து உருவானவையே ஃபியோர்டுகள். அவற்றில் 179 கிலோமீட்டர் நீளமுள்ள ஹார்டாங்கர், நார்வேயில் இரண்டாவது பெரியது. அதன் கிளையான சோர்ஃபியோர்டின் கடைக்கோடியில் இருக்கிறது ஒடா. மக்கள்தொகை சுமார் 5,000.

அருவியா, மின்சாரமா?

19ஆம் நூற்றாண்டிலேயே ஒடா புகழ்பெற்ற சுற்றுலாத்தலம். அருவிகளையும் பனியாற்றையும் பார்க்க ஐரோப்பியச் செல்வந்தர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மும் அடிக்கடி வந்தவர்களில் ஒருவர். ஆனால் உயரத்திலிருந்து விழும் நீரைப் பொறியாளர்கள் வேறு கண்ணால் பார்த்தார்கள். 1906இல் டிஸ்ஸெஃபால்டெனே மின் நிறுவனம் தொடங்கியது. 1908இல் பக்கத்து ஊரான டிஸ்ஸெடாலில் மின்நிலையம் ஓடத் தொடங்க, அந்த மின்சாரத்தை நம்பி ஒடாவில் கார்பைட் ஆலை எழுந்தது. ஆற்றுநீர் குழாய்க்குள் போனது. விடுதிகள் இருந்த ஊரில் புகைபோக்கிகள் வந்தன. சுமார் 300 மீட்டர் நேராக விழுந்துகொண்டிருந்த டிஸ்ஸெஸ்ட்ரெங்கெனே அருவியும் பிற்பாடு மின்திட்டத்துக்குள் அடங்கிப்போனது.

இந்தப் பேரத்தில் ஊருக்கு வேலை கிடைத்தது. உலகுக்கும் ஒன்று கிடைத்தது: 1920களின் இறுதியில் இங்கே எர்லிங் ஜான்சன் என்ற வேதியியலாளர் கண்டறிந்த, பாஸ்பேட் பாறையை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து உரம் தயாரிக்கும் முறை இன்றும் ஒடா முறை என்றே அழைக்கப்படுகிறது. இழப்பும் சிறிதல்ல. ஆலைக் கழிவுகளால் சோர்ஃபியோர்டில் துத்தநாகம், காட்மியம் போன்ற உலோகங்கள் கடுமையாகக் கலந்தன. பின்னர் கழிவைக் கடலில் கொட்டுவது நிறுத்தப்பட்டு நிலைமை தேறியது. கார்பைட் ஆலை 2003இல் மூடப்பட்டது. ஊரிலுள்ள துத்தநாக ஆலை தொடர்ந்து இயங்குகிறது. மலையையும் ஆலையையும் ஒரே சட்டகத்தில் காட்டும் ‘ராக்னரோக்’ என்ற நெட்ஃபிளிக்ஸ் தொடர் இங்கேதான் படமானது.

என்னென்ன பார்க்கலாம்?

டிஸ்ஸெடால் மின்நிலையம்: ஃபியோர்டுக் கரையில் நீண்ட சன்னல்களோடு கோயில்போல் நிற்கும் இந்தக் கட்டடம் 1989 வரை மின்சாரம் தந்தது. இப்போது நீர்மின் மற்றும் தொழில்துறை அருங்காட்சியகத்தின் பகுதி. விசையாழிக் கூடத்துக்கு வழிகாட்டியோடு போகலாம். உயரத்துக்கு அஞ்சாதவர்கள், பாறையில் பதித்த இரும்புப் படிகளையும் கம்பிகளையும் பற்றி, பழைய குழாய்களின் ஓரமாக மேலே ஏறலாம். இதற்கும் வழிகாட்டி உண்டு.

லோத்தெஃபோசென்: ஒடாவுக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர். 165 மீட்டர் உயர இரட்டை அருவி. பழைய கல்பாலத்தின் ஆறு வளைவுகளுக்குள் பாய்கிறது. சாலையில் போகும் கார்கள் சாரலில் நனைகின்றன. இந்த ஆற்றுப்படுகை மின்திட்டங்களிலிருந்து பாதுகாக்கப்பட்டதால் அருவி பிழைத்தது. டிஸ்ஸெடாலைப் பார்த்த கையோடு இதைப் பார்த்தால், விற்றது எது, வைத்துக்கொண்டது எது என்பது தெளிவாகும்.

ட்ரோல்துங்கா: 2010இல் சுமார் 800 பேர் ஏறிய இந்த மலைக்கு 2016இல் 80,000 பேர் வந்ததாகக் கணக்கு. காரணம் சமூக ஊடகப் படங்கள். ஷெக்கெடால் என்ற இடத்திலிருந்து போய்த் திரும்ப 27 கிலோமீட்டர், பத்துப் பன்னிரண்டு மணி நேரம். மேலேயுள்ள மோகெலிதொப் நிறுத்துமிடத்திலிருந்து தொடங்கினால் 20 கிலோமீட்டர். அங்கே கார்களுக்கு இடம் மிகக் குறைவு, முன்பதிவு தேவை. பாறை நுனியில் தடுப்புக் கம்பி கிடையாது. ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் தனியாக ஏறப் பொருத்தமான பருவம்; மற்ற மாதங்களில் வழிகாட்டியோடு மட்டும் போக வேண்டும்.

பூவார் பனியாறு: ஃபோல்கெஃபொன்னா பனிப்பரப்பின் ஒரு கிளை. அரை நாள் நடையில் அருகே போய்விடலாம். வழியில் கயிறு பிடித்து ஏறும் இடங்கள் உண்டு. பனியின் மேல் கால் வைப்பதென்றால் வழிகாட்டி கட்டாயம் வேண்டும். பிளவுகள் வெளியே தெரியாது.

லோஃப்தூஸ்: வடக்கே, ஃபியோர்டின் கிழக்குக் கரை முழுக்க ஆப்பிள், செர்ரித் தோட்டங்கள். மே மாதம் பூக்கும். இலையுதிர் காலத்தில் அறுவடை. ஆப்பிள் மதுவான சைடர் இந்த வட்டாரத்தின் தனி அடையாளம். இசையமைப்பாளர் எட்வர்ட் க்ரீக் தங்கி இசையமைத்த சிறு குடில் இங்கே ஒரு விடுதித் தோட்டத்தில் இருக்கிறது.

எப்படித் திட்டமிடுவது?

மூன்று நாள் ஒதுக்குங்கள். மலைக்கு ஒரு நாள், மின்நிலையத்துக்கும் அருவிக்கும் ஒரு நாள், மூன்றாவது நாள் பனியாறு அல்லது பழத்தோட்டம். மேற்கு நார்வேயில் கோடையிலும் மழை வரும். ஆகவே மலைக்கான நாளை முன்னமே முடிவுசெய்து பிடிவாதம் பிடிக்காதீர்கள். வானிலை மோசமென்றால் அன்றைக்கு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். மழைநாளில் லோத்தெஃபோசென் இன்னும் பெருகி விழும்.