வெளிநாட்டுல எம்பிபிஎஸ்: முதல் வருஷ ஃபீஸ் ரெடி... மீதி ஏழு வருஷத்துக்கு?

நீட் ரிசல்ட் வந்த ரெண்டாவது வாரம். பாஸ் மார்க் இருக்கு. ஆனா அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போதாது. தனியார் கல்லூரியில மேனேஜ்மென்ட் கோட்டானா ஒரு வருஷத்துக்கே பத்து லட்சத்துக்கு மேல. அந்த நேரம் பார்த்து ஒரு கன்சல்டன்சியிலிருந்து போன் வருது. "ஜார்ஜியா, ரஷ்யா, உஸ்பெகிஸ்தான்... எது வேணும் சார்? முதல் வருஷம் அஞ்சு லட்சம் கட்டுங்க போதும். மீதிக்கு பேங்க்ல லோன் போட்டுக்கலாம்."

அப்பா கணக்கு போடுறார். அம்மாவோட நகை, ஒரு சீட்டுப் பணம், மாமா தர்றேன்னு சொன்ன ஒரு லட்சம். அஞ்சு லட்சம் தேறிடும். பையனோ பொண்ணோ ஃபிளைட் ஏறியாச்சு. பேங்க் வாசலுக்குப் போனாதான் முதல் கேள்வி வருது: "செக்யூரிட்டி என்ன வெச்சிருக்கீங்க?"

பல குடும்பங்கள் சறுக்குற இடம் இதுதான். வெளிநாட்டு மருத்துவப் படிப்பில் முதல் வருஷப் பணம் பெரிய பிரச்னையே இல்லை. மூணாவது வருஷம் என்ன பண்றது, படிப்பு முடிஞ்சு ஊருக்கு வந்தபிறகு சம்பளமில்லாத மாசங்களை எப்படித் தாண்டுறது என்பதுதான் உண்மையான கேள்வி. அதை ஃபிளைட் ஏறுறதுக்கு முன்னாடியே கேட்டுடணும்.

லோன் ஏன் ஈஸியா கிடைக்கிறதில்லை?

முதல்ல ஒரு விஷயம். போற நாட்டுல இருக்கிற வங்கிகளை நம்பிப் போக முடியாது. அங்கே மாணவர் விசாவுல இருக்கிற உங்களுக்கு வருமானமும் கிடையாது, ஜாமீன் போட ஆளும் கிடையாது, சொத்தும் கிடையாது. ஆக, கடன் நம்ம ஊர்லதான் வாங்கியாகணும்.

நம்ம ஊர் வங்கிகள் பெரும்பாலும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தைத்தான் பின்பற்றுகின்றன. அதன் அடிப்படை இதுதான்:

* 4 லட்சம் வரை: பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். அடமானம் கேட்பதில்லை.
* 4 லட்சத்துக்கு மேல் 7.5 லட்சம் வரை: மூன்றாம் நபர் ஜாமீன் கேட்கலாம்.
* 7.5 லட்சத்துக்கு மேல்: வீடு, மனை, ஃபிக்ஸட் டெபாசிட் என ஏதாவது ஒரு சொத்து அடமானம் வேணும்.

இதோட 'மார்ஜின்' என்று ஒண்ணு இருக்கு. 4 லட்சத்தைத் தாண்டினால், மொத்தச் செலவில் ஒரு பங்கை நீங்களே போடணும். வெளிநாட்டுப் படிப்புக்கு அது பொதுவா 15 சதவிகிதம்.

இப்போ கணக்கைப் பாருங்க. ஆறு வருஷத்துக்கு ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் சேர்த்து 30 லட்சம் ஆகுதுன்னு வெச்சுக்குவோம். அடமானம் இல்லாம கிடைக்கக்கூடியது 7.5 லட்சம். மீதி 22.5 லட்சம்?

"அடமானமே இல்லாம 40 லட்சம், 50 லட்சம் தர்றாங்களே"ன்னு கேட்கலாம். தர்றாங்க. ஆனா அது பெரும்பாலும் வங்கிகள் தனியா வெச்சிருக்கிற முன்னணிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலுக்குத்தான். அமெரிக்கா, இங்கிலாந்து மாதிரி நாடுகளில் மாஸ்டர்ஸ் படிக்கப் போறவங்களை மனசில் வெச்சுப் போட்ட திட்டங்கள் அவை. நீங்க போற கல்லூரி அந்தப் பட்டியல்ல இருக்கான்னு கிளையில் நேரா கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

சொத்து இருந்தாலும் சிக்கல் உண்டு

"எங்களுக்குத்தான் ஊர்ல ரெண்டு ஏக்கர் இருக்கே!" நல்ல விஷயம்தான். ஆனா விவசாய நிலத்தை கல்விக்கடனுக்கு அடமானமா எடுத்துக்க பல வங்கிகள் தயங்கும். கடன் வராம போனா, கோர்ட்டுக்குப் போகாமலேயே சொத்தை எடுத்து விற்க வங்கிகளுக்கு உரிமை தரும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதுதான் காரணம்.

வீடு இருந்தாலும் பேப்பர் சரியா இருக்கணும். தாத்தா பேர்லயே இருக்கிற பத்திரம், சித்தப்பா பெரியப்பா பேரெல்லாம் சேர்ந்த கூட்டுப் பட்டா, பாகப்பிரிவினை ஆகாத வீடு, அப்ரூவல் இல்லாத மனை... இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலே வங்கியின் வக்கீல் ஃபைலைத் திருப்பி அனுப்பிடுவார். வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம்னு அலைஞ்சு சரிபண்ண மாசக்கணக்காகும். அதனால நீட் எழுதுற வருஷமே இந்தப் பேப்பர் வேலையை ஆரம்பிச்சிடுறது புத்திசாலித்தனம். வெளிநாடு போகாட்டியும் அந்த வேலை வீணாகாது.

யாருக்கும் தெரியாத அந்த ரெண்டு வருஷம்

'ஆறு வருஷம் படிச்சா டாக்டர்'னுதான் விளம்பரம் வரும். ஆனா இந்தியாவில் டாக்டரா வேலை பார்க்க, தேசிய மருத்துவ ஆணையம் 2021-ல் கொண்டுவந்த விதிகளைப் பாருங்க. ஆங்கில வழியில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே கல்வி நிறுவனத்தில் 12 மாத இன்டர்ன்ஷிப். படிச்ச நாட்டுலேயே டாக்டரா பதிவு செய்யத் தகுதி தரும் பட்டமா அது இருக்கணும். ஊருக்குத் திரும்பியபிறகு எஃப்எம்ஜிஇ தேர்வு. அதுக்கப்புறம் இங்கேயும் 12 மாத இன்டர்ன்ஷிப். இதுக்கெல்லாம் முன்னாடி, போறதுக்கே நீட் தகுதி கட்டாயம்.

எஃப்எம்ஜிஇ தேர்வு வருஷத்துக்கு ரெண்டு தடவைதான். 300 மார்க்குக்கு 150 எடுக்கணும். சமீப வருஷங்கள்ல பல தேர்வுகளில் எழுதியவர்களில் மூணுல ஒருத்தர்கூட பாஸாகலை. ஒரு தடவை தவறினா ஆறு மாசம் போச்சு. கோச்சிங், தங்குற செலவு தனி.

முதல் முயற்சியிலேயே பாஸானாலும், தேர்வுக்குக் காத்திருக்கிற நேரம், பதிவு, இன்டர்ன்ஷிப் எல்லாம் சேர்த்து ஒழுங்கா சம்பளம் வாங்க ஏறக்குறைய எட்டு வருஷம் ஆகிடும். இன்டர்ன்ஷிப்ல ஸ்டைபெண்ட் உண்டுதான். ஆனா வெளிநாட்டுல படிச்சவங்களுக்கு எல்லா இடத்திலும் அது ஒழுங்கா கிடைக்கிறதில்லை என்ற புகார் பல வருஷமா இருக்கு. அதை நம்பி இஎம்ஐ திட்டம் போடாதீங்க.

இப்போ வங்கிக் கணக்கைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. கல்விக்கடனில் தவணை கட்ட வேண்டாத காலம் என்பது பொதுவா படிப்புக் காலமும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும். அதாவது ஏழாவது வருஷ முடிவில் இஎம்ஐ ஆரம்பிச்சிடும். சம்பளம் வர எட்டு வருஷம். நடுவில் இருக்கிற மாசங்களுக்கு யார் கட்டுறது? தேர்வு ஒரு தடவை தவறினா அந்த இடைவெளி இன்னும் பெரிசாகும். இதைத்தான் எந்த ஏஜென்ட்டும் சொல்றதில்லை.

வட்டி தூங்காது

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வருஷத்துக்கு 3 லட்சம் வீதம் ஆறு வருஷத்துக்கு 18 லட்சம் கடன். வட்டி 10 சதவிகிதம்னு வெச்சுக்குவோம்.

படிக்கிற காலத்துல ஒரு ரூபாகூட கட்டலைன்னா, தனி வட்டியாவே பார்த்தாலும் ஏழு வருஷ முடிவில் வட்டி மட்டும் 8.1 லட்சம். அசலோட சேர்த்து 26.1 லட்சம். இதை 15 வருஷத்துல அடைக்க மாச இஎம்ஐ சுமார் 28,000 ரூபாய்.

அதே வட்டியை மாசாமாசம் கட்டிக்கிட்டே வந்தா? முதல் வருஷம் மாசம் 2,500 ரூபாய். ரெண்டாவது வருஷம் 5,000. இப்படி ஏறி ஆறாவது வருஷம் 15,000. கடைசியில் கடன் 18 லட்சத்திலேயே நிற்கும். இஎம்ஐ சுமார் 19,300 ரூபாய்.

வித்தியாசம் மாசம் 8,700 ரூபாய். 15 வருஷத்துக்கு ஏறக்குறைய 15.7 லட்சம். அதாவது படிக்கும்போது 8.1 லட்சம் கட்டினா, பின்னாடி அதுபோல ஏறக்குறைய ரெண்டு மடங்கு மிச்சம். முழு வட்டியையும் கட்ட முடியலைன்னாலும் பாதியாவது கட்டுங்க.

இதில் இன்னொரு லாபமும் இருக்கு. பழைய வருமான வரி முறையில் இருக்கிறவங்க, கல்விக்கடனுக்குக் கட்டுற வட்டியை எட்டு வருஷம் வரை கழிச்சுக்கலாம். நகைக்கடனுக்கும் கைமாத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது.

டாலர் ஏறினா ஃபீஸும் ஏறும்

கல்லூரி ஃபீஸை ஏத்தவே இல்லைன்னாலும் உங்க செலவு ஏறும். 2020 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 71 ரூபாய். 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. வருஷ ஃபீஸ் 5,000 டாலர்னா, 3.55 லட்சமா இருந்தது 4.5 லட்சம் ஆகிடும். வருஷத்துக்கு 95,000 ரூபாய் கூடுதல். அதனால ஏஜென்ட் சொல்ற ரூபாய்க் கணக்கை அப்படியே நம்பாம, வருஷத்துக்கு அஞ்சு சதவிகிதமாவது ஏத்திப் போட்டுப் பாருங்க.

பணம் அனுப்பும்போதும் ஒரு விஷயம் கவனிக்கணும். சொந்தப் பணத்தை ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால் டிசிஎஸ் பிடிப்பாங்க. ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். ஆனா அதுவரை பணம் முடங்கும். வங்கிக் கல்விக்கடன் மூலமா போற பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் டிசிஎஸ் கிடையாது.

"அதான் பார்ட் டைம் வேலை இருக்கே!"

மெடிக்கல் படிப்பில் காலையில கிளாஸ், அப்புறம் ஆஸ்பத்திரி, ராத்திரி படிப்பு. வேலைக்குப் போகணும்னா உள்ளூர் மொழி தெரியணும். விசா விதியும் அனுமதிக்கணும். கைச்செலவுக்கு எப்போவாவது கிடைச்சா சந்தோஷம். ஃபீஸ் கணக்கில் அதைச் சேர்க்கவே கூடாது.

ஸ்காலர்ஷிப்? மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டம் முதுகலை, பிஹெச்.டி படிப்புகளுக்குத்தான், எம்பிபிஎஸ்ஸுக்குக் கிடையாது. 2024-ல் வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டம் இந்தியாவிலுள்ள முன்னணிக் கல்லூரிகளுக்கு மட்டும். பிற்படுத்தப்பட்டோருக்கான டாப்செட்கோ, சிறுபான்மையினருக்கான டாம்கோ ஆகிய மாநில அரசுக் கழகங்கள் குறைந்த வட்டியில் கல்விக்கடன் தர்றாங்க. வருமான வரம்பு உண்டு. உங்க படிப்புக்கும் நாட்டுக்கும் பொருந்துமான்னு கலெக்டர் ஆபீஸில் உள்ள நலத்துறை அலுவலகத்தில் கேளுங்க. கேட்கிறதுக்குக் காசில்லை.

வேண்டவே வேண்டாத கடன்கள்

லோன் வராத பதற்றத்தில்தான் பெரிய தப்பு நடக்கும். 'நூத்துக்கு ரெண்டு ரூபா வட்டி'ன்னா கேட்க சின்னதா இருக்கும். அது வருஷத்துக்கு 24 சதவிகிதம். மூணு ரூபா வட்டின்னா 36 சதவிகிதம். ஆறு வருஷம் வருமானமே வராத ஒரு படிப்புக்கு இந்த வட்டியில் கடன் வாங்கினா வீடு மிஞ்சாது.

நகைக்கடன் அவசரத்துக்கு ஓகே. ஆனா அது பெரும்பாலும் ஒரு வருஷக் கடன். எட்டு வருஷப் பயணத்துக்கு அதையே நம்பினா, ஒவ்வொரு வருஷமும் வட்டி கட்டித் திருப்பி வைக்கணும். கூடவே அடுத்த வருஷ ஃபீஸும் வந்து நிற்கும்.

ஃபிளைட் ஏறும் முன்...

* முதல் வருஷத்துக்கு மட்டும் இல்லாம, முழுப் படிப்புக்கும் சேர்த்து லோன் சாங்ஷன் கேளுங்க. பணம் வருஷாவருஷம் வந்தா போதும். பாதியில் போய்க் கேட்டா பேரம் பேச உங்க கையில் ஒண்ணும் இருக்காது.
* வருஷவாரியான ஃபீஸ் விவரத்தைப் பல்கலைக்கழகத்தின் லெட்டர்ஹெட்டில் வாங்குங்க. வங்கியும் அதைத்தான் கேட்கும்.
* பணத்தைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்க. ஏஜென்ட் கையில் ரொக்கமா கொடுத்தா வங்கிக் கடனிலும் காட்ட முடியாது, திரும்பவும் கேட்க முடியாது.
* ஃபீஸ் கட்டத் தாமதமானா என்ன ஆகும், பாதியில் நின்னா எவ்வளவு திரும்பக் கிடைக்கும்னு எழுத்துல வாங்குங்க.
* தவணை கட்ட வேண்டாத காலத்தை எஃப்எம்ஜிஇ, இன்டர்ன்ஷிப் முடியும்வரை நீட்டிக்க முடியுமான்னு சாங்ஷனுக்கு முன்னாடியே கேளுங்க.
* ஒரு வருஷச் செலவு கைவசம் தனியா இருக்கணும். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் வந்தப்போ ஆயிரக்கணக்கான இந்திய மருத்துவ மாணவர்கள் பாதிப் படிப்போட திரும்பி வந்தாங்க. படிப்பு நின்னுச்சு. வாங்கின கடன் அப்படியேதான் இருந்துச்சு.

கடைசியா ஒரு பேப்பர்

இன்னிக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் வீட்டுல எல்லாரும் உட்கார்ந்து மூணு நம்பர் எழுதுங்க. எட்டு வருஷ மொத்தச் செலவு எவ்வளவு? அதில் வங்கி எவ்வளவு தரும்? அப்பா அம்மாவுக்கு அப்போ என்ன வயசு, வருமானம் இருக்குமா?

மூணும் பொருந்தினா தைரியமா கிளம்புங்க. பொருந்தலைன்னா, இன்னொரு வருஷம் நீட் எழுதுறதோ, நர்சிங், பிசியோதெரபி மாதிரி வேற மருத்துவப் படிப்பைப் பார்க்கிறதோ தோல்வி கிடையாது. "எனக்காக வீட்டை வைக்க வேணாம்ப்பா"ன்னு சொல்ல ஒரு பதினெட்டு வயசுப் பிள்ளைக்குத் தயக்கமா இருக்கும். "எங்களால முடியாதுடா"ன்னு சொல்ல அப்பாவுக்கு அதைவிடத் தயக்கம். ரெண்டு பேருக்கும் சொல்லக் கஷ்டமான அந்த விஷயத்தை அந்தப் பேப்பர் சொல்லிடும். மூணாவது வருஷம் ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்துட்டு அழுதுக்கிட்டே பேசுறதைவிட, இன்னிக்கே பேசிடுறது எவ்வளவோ நல்லது.